டோங்காட் கரும்புக்காட்டுக் கற்கள்: எங்கே தேடலாம், எதை எடுக்கலாம்?

டோங்காட் பேரன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. என் தாத்தா தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டோங்காட் பக்கம் கரும்புக்காட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர். களை கொத்தும்போது மண்வெட்டியில் தட்டுப்படும் கற்களில் கண்ணுக்குப் பிடித்ததைத் துண்டில் முடிந்துகொண்டு வருவார். அவர் போன பிறகு ஆயா, அதாவது என் பாட்டி, அந்த டின்னைச் சாமி விளக்குக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். போன மாதம் ஆயாவை எங்களோடு அழைத்து வந்தபோது டின்னும் வந்தது.

என் மகனுக்குப் பதினொரு வயது. டின்னைத் தரையில் கொட்டி எண்ணினான்: இருபத்து மூன்று கல். பாதிக்கு மேல் சாதாரணக் கூழாங்கல். நாலைந்து வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்). ஆனால் ஆறு கற்கள் வேறு மாதிரி இருக்கின்றன. ஐந்து கருப்பு, மெல்லியவை, ஒரு ஓரம் கத்தி போல. ஆறாவது வெள்ளை, பிறைநிலா வடிவம், என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதைக் கையில் எடுத்ததிலிருந்து "இது அம்புமுனைதான் அப்பா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். ஒரு கருப்புக் கல்லை மட்டும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டோம். மற்றவை அப்படியே இருக்கின்றன.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓய்வு. டர்பனிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பும் தூரத்தில் கல், புதைபடிவம், இந்த மாதிரி கருவிகள் தேட நல்ல இடங்கள் எவை? எதை வீட்டுக்குக் கொண்டுவரலாம்? சட்டப்படி தப்பு என்று ஒருவர் பயமுறுத்தினார். இந்த டின்னை என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

மாரிட்ஸ்பர்க் வாத்தியார்:

தம்பி, முதலில் ஒன்று. மீதி ஐந்தையும் கழுவாதீர்கள். துணியால் துடைக்கவும் வேண்டாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாளில் சுற்றி வையுங்கள். டின்னில் ஒன்றோடொன்று உரசினால் கூர்மையான ஓரம் பொடிந்து, பிறகு பார்ப்பவர்களுக்கு அது பழைய தேய்மானமா புதிய சேதமா என்று தெரியாமல் போகும்.

காரணம் சொல்கிறேன். டோங்காட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஊதொங்காதி ஆற்றுக்கு மேலே, கரும்புக்காடுகளுக்கு நடுவே சிபுது என்று ஒரு பாறைக் குகை இருக்கிறது. 1998 முதல் பேராசிரியை லின் வாட்லி அங்கே அகழாய்வு செய்தார். அங்கே கிடைத்த சுமார் 64,000 வருஷம் பழைய வெங்கச்சங்கல் பிறைகள் அம்பில் பொருத்தப்பட்டவை என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். உலகத்திலேயே மிகப் பழைய அம்புமுனைகளில் அவையும் சேர்ந்தவை. எப்படித் தெரிந்தது என்றால், கல்லின் முதுகுப்பக்கம் மர கோந்தும் செம்மண் காவியும் கலந்த பசை ஒட்டியிருந்தது, கூரான பக்கம் அடிபட்ட தடயம் இருந்தது. உருப்பெருக்கியில் மட்டும் தெரியும் அளவு. சோப்புப் போட்டால் அதெல்லாம் போய்விடும். அந்தக் குகையில் 77,000 வருஷத்துக்கு முந்தைய படுக்கைகூட இருக்கிறது. கோரைப்புல்லைப் பரப்பி, மேலே கொசுவை விரட்டும் ஒரு மரத்தின் இலையைப் போட்டிருக்கிறார்கள். நம் பெரியவர்கள் நொச்சி இலை போட்டுப் புகை மூட்டினார்களே, அந்த யோசனைதான். 2024இல் சிபுதுவும் மேற்குக் கேப் மாகாணத்து இரண்டு இடங்களும் சேர்ந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. உங்கள் மகனிடம் சொல்லுங்கள், அவன் சாப்பாட்டு மேசையிலிருந்து கார்ப் பயண தூரத்தில் நடந்த விஷயம் இது.

அதற்காக உங்கள் பிறை நிச்சயம் அம்புமுனை என்று நான் சொல்லமாட்டேன். பார்க்காமல் சொல்லக்கூடாது. ஆனால் நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மனிதன் வேண்டுமென்று தட்டி எடுத்த சில்லில், தட்டிய இடத்துக்குக் கீழே ஒரு சின்ன புடைப்பு இருக்கும். விரலால் தடவினால் தெரியும். அந்தப் புடைப்பிலிருந்து குளத்தில் கல் போட்டாற்போல் அலைவட்டம் விரியும். மறுபக்கத்தில் அதற்கு முன் எடுத்த சில்லுகளின் பள்ளம் ஒன்றிரண்டு இருக்கும். கலப்பையில் அடிபட்டும் கல் சில்லுப் போகும், கரும்புக்காட்டில் அது நிறைய. அப்படி உடைந்த முகம் புதுசாக, நிறம் வேறாக இருக்கும். பழைய சில்லில் எல்லா முகமும் ஒரே மாதிரி மங்கியிருக்கும். கருப்புக் கற்கள் ஹார்ன்ஃபெல்ஸாகவோ (சூட்டில் வெந்து இறுகிய கல்) டாலரைட்டாகவோ (பாறைக்குழம்பு உறைந்த கருங்கல்) இருக்கலாம். இரண்டையுமே இந்தப் பக்கத்துக் கற்கால மனிதர்கள் விரும்பிப் பயன்படுத்தினார்கள்.

இனி சட்டம். உங்களைப் பயமுறுத்தியவர் சொன்னது சரிதான். 1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் தேசியப் பாரம்பரிய வளச் சட்டத்தின் 35ஆம் பிரிவுப்படி புதைபடிவம், தொல்பொருள், விண்கல் மூன்றும் அரசின் சொத்து. உங்கள் சொந்தக் கொல்லையில் கிடைத்தாலும் அப்படித்தான். அனுமதிச் சீட்டு இல்லாமல் தோண்டவோ, எடுக்கவோ, விற்கவோ, நாட்டைவிட்டு அனுப்பவோ முடியாது. தற்செயலாகக் கண்டால் பாரம்பரியத் துறைக்கோ, பக்கத்து மியூசியத்துக்கோ, உள்ளாட்சி அலுவலகத்துக்கோ சொல்லிவிட வேண்டும். நம் குவாசூலு நட்டால் மாகாணத்தில் அதற்கு அமாஃபா என்ற அமைப்பு இருக்கிறது. ஆகவே 'அம்புமுனை சேகரிக்க நல்ல இடம்' என்று இந்த நாட்டில் ஒன்று கிடையாது. பார்க்க நல்ல இடங்கள் ஏராளம்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு உரிமை இருக்கிறது, ஏனென்றால் நான் தப்பு செய்தவன். புதிதாக வாத்தியார் வேலைக்கு வந்த காலத்தில், பிள்ளைகளோடு மலையேறப் போன ஒரு இடத்தில், பாறை நிழலில் ஒரு அழகான கற்கருவியைக் கண்டேன். இலை வடிவம், இரண்டு பக்கமும் செதுக்கியது. பையில் போட்டுக்கொண்டேன். பல வருஷம் வகுப்பறை அலமாரியில் இருந்தது. பிறகு மனசு உறுத்தி ஒரு மியூசியத்துக்குக் கொண்டுபோனேன். அந்த அம்மா அதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகமே மலர்ந்துவிட்டது. "எங்கே கிடைத்தது ஐயா?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்று பள்ளத்தாக்கில் எது என்றே நினைவில்லை. அவர் கல்லை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தார். இன்றைக்கும் அந்த நிமிஷம் நினைவுக்கு வந்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். இடம் தெரிந்திருந்தால் அந்த மண்ணடுக்கைப் போய்ப் பார்த்திருப்பார்கள், கூட என்ன கிடந்தது, எத்தனை வயசு என்று தெரிந்திருக்கும். நான் எடுத்தது ஒரு கல், தொலைத்தது மற்ற எல்லாவற்றையும்.

அதனால் உங்களுக்கு என் வேண்டுகோள்: ஆயாவிடம் கேளுங்கள். தாத்தா எந்தக் காட்டில் வேலை செய்தார், எந்தச் சரிவு, ஆற்றுக்கு எந்தப் பக்கம்? அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள். பிறகு டின்னோடு மாரிட்ஸ்பர்க் வாருங்கள். இங்கே குவாசூலு நட்டால் மியூசியத்தில் தொல்லியல் பிரிவு இருக்கிறது.

சரி, பையனின் கையில் ஏதாவது வேண்டுமே. பாறை சேகரிக்கலாம். நிலத்துக்காரர் அனுமதி வேண்டும், இயற்கைக் காப்பிடங்களில் ஒரு கூழாங்கல்கூடத் தொடக்கூடாது, அவ்வளவுதான். டர்பனைச் சுற்றி மூன்று கல்லைத் தெரிந்துகொண்டால் பாதிக் கதை வந்துவிடும். முதலாவது செம்பழுப்பு மணற்கல், சுமார் 49 கோடி வருஷம். ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்கும் செங்குத்துச் சுவரெல்லாம் அதுதான். இரண்டாவது டில்லைட். கருநீலச் சாந்துக்குள் பலவிதக் கல் துண்டுகள் பொங்கலில் முந்திரி போலப் பதிந்திருக்கும். சுமார் 30 கோடி வருஷத்துக்கு முன் இந்த நிலம் தென்துருவத்தை ஒட்டிப் பனியடியில் கிடந்தபோது பனியாறு இழுத்து வந்த குப்பை அது. டர்பனில் அதை உடைத்து ஜல்லியாக்குகிறார்கள், ஆகவே கட்டட வேலை நடக்கும் இடத்தில் கேட்டாலே ஒரு துண்டு தருவார்கள். என் மாணவர்கள் பலரின் முதல் கல் அதுதான். மூன்றாவது டாலரைட், சுமார் 18 கோடி வருஷம், கையில் எடுத்தால் கனம் தெரியும். வெயிலிலும் மழையிலும் வெங்காயம் போலத் தோல் தோலாக உரியும்.

ஒன்று விட்டுப்போனது. கரும்புக்காட்டில் நடுவில் குழிந்த பெரிய கல் கிடந்தால், நம்மவர்கள் அம்மிக்கல் மாதிரி இருக்கிறதே என்று தூக்கிவந்து பூச்செடிக்கு அடியில் வைப்பார்கள். நானே சில வீட்டு வாசலில் பார்த்திருக்கிறேன். இந்தக் கரையில் பழைய விவசாயிகள் தானியம் அரைத்த கல்லாகவே அது இருக்கலாம். அதையும் கிடந்த இடத்திலேயே விடுங்கள்.

டண்டீ அக்கா:

வாத்தியார் ஐயா சொன்னதோடு எங்கள் ஊரையும் சேர்க்கிறேன். என் பாட்டனார் டண்டீ பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர். 1913இல் காந்தி தலைமையில் நடந்த இந்தியத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் நியூகாசிலிலிருந்து நடந்தவர்களில் எங்கள் சொந்தக்காரர்களும் உண்டு என்று வீட்டில் சொல்வார்கள். அப்பா சொல்லி நான் கேட்டது இது: நிலக்கரியை வெட்டி எடுத்த பிறகு சுரங்கத்தின் கூரைப் பாறையில் விளக்கைத் தூக்கிப் பிடித்தால் இலை இலையாகத் தெரியுமாம். நாக்கு நீளத்துக்கு, நடுவில் ஒரு நரம்போடு. மேலே யாரோ மாவிலை வரைந்து வைத்தமாதிரி இருக்கும் என்பார்.

அதுதான் குளோசாப்டெரிஸ். கிரேக்க மொழியில் 'குளோசா' என்றால் நாக்கு. அந்த மரங்கள் சதுப்பில் விழுந்து அமுங்கித்தான் எங்கள் நிலக்கரியில் பெரும்பகுதி ஆனது. இதே இலை இந்தியாவின் ராணிகஞ்ச் நிலக்கரியிலும் இருக்கிறது. இரண்டும் ஒரே கண்டமாக ஒட்டியிருந்த காலம். அந்தக் கண்டத்துக்குக் கோண்டுவானா என்று பெயர் வந்ததே நடு இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் நாட்டை வைத்துத்தான். என் பாட்டனார் கப்பலேறிக் கடல் கடந்து வந்து, தலைக்கு மேலே பார்த்தது அந்தப் பக்கத்திலும் இருக்கும் இலை. இதை முதலில் படித்த அன்று நான் அப்பாவுக்குப் போன் செய்து அழுதுவிட்டேன்.

பழைய சுரங்கக் கழிவு மேடுகளில் இந்த இலை பதிந்த கல் கிடக்கும் என்று யாராவது கூப்பிட்டால் பிள்ளையை அழைத்துப் போகாதீர்கள். சட்டம் ஒரு பக்கம். அந்த மேடுகள் உள்ளுக்குள் தானாகவே தீப்பிடித்து வருஷக்கணக்கில் புகையும். மேலே மண் மாதிரி இருக்கும், கால் வைத்தால் உள்ளே போய்விடும். டண்டீயில் தலானா மியூசியம் இருக்கிறது, சுரங்க வரலாறு, இந்தியர் வரலாறு இரண்டும் பார்க்கலாம். தூரம்தான், அதிகாலையிலேயே கிளம்புங்கள்.

அரியலூர்க்காரன் (ஜோஹன்னஸ்பர்க்):

நான் இங்கே வேலைக்கு வந்து ஆறு வருஷம். சொந்த ஊர் அரியலூர். எங்கள் ஊரில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அம்மோனைட் கிடைக்கும். சின்ன வயசில் அதைத் தேய்ந்த தேர்ச்சக்கரம் என்று நினைத்து விளையாடியிருக்கிறோம். அம்மோனைட் தெரியாதவர்களுக்கு: பெருமாள் கோயிலில் சாளக்கிராமத்துக்குள் சுருள் சுருளாகச் சக்கரம் இருக்குமே, அதுதான். கணவாய் மீன் இனத்தின் பழைய உறவு.

போர்ட் எட்வர்டுக்குத் தெற்கே ம்தம்வுனா ஆற்றைத் தாண்டி ம்சாம்பா கடற்கரைக்குப் போனபோது எனக்கு ஊருக்குப் போனமாதிரி இருந்தது. அலை அடிக்கும் பாறைத் தட்டில் சிப்பி, அம்மோனைட், கல்லாகிப்போன மரக்கட்டை எல்லாம் பதிந்து கிடக்கின்றன. 8 கோடி வருஷத்துக்கு மேல். மரக்கட்டைகளில் கடற்புழு துளைத்த ஓட்டைகூடக் கல்லாகியிருக்கிறது. திருவக்கரைக் கல்மரத்தைப் பார்த்தவர்களுக்கு அது என்னவென்று உடனே புரியும். அரியலூர்ப் படிவமும் இந்தப் பக்கத்துப் படிவமும் உறவுள்ளவை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கவனித்திருக்கிறார்கள். அங்கே சுத்தியலோடு போகாதீர்கள். கேமரா போதும். செயிண்ட் லூசியா பக்கம் ஃபால்ஸ் பே கரையிலும் அம்மோனைட் உண்டு, அது இசிமங்கலிசோ பூங்காவுக்குள், அங்கேயும் பார்க்க மட்டும்தான்.

எடுத்துவர ஆசை என்றால் அகேட் என்ற கோடு போட்ட குவார்ட்ஸ் இனக் கல்லைத் தேடுங்கள். வால் ஆறு, ஆரஞ்சு ஆற்றுச் சரளையில் கிடைக்கும். வெளியே பார்த்தால் உருளைக்கிழங்கு போல அசிங்கமாக இருக்கும், வெயிலுக்கு எதிரே பிடித்தால் ஓரத்தில் வெளிச்சம் ஊடுருவும். நனைத்துப் பார்த்தால் கோடு தெரியும். ஆற்றங்கரைப் பண்ணைக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். கல் சேகரிப்போர் சங்கத்தில் சேர்ந்தால் இன்னும் நல்லது, அவர்கள் குவாரிகளில் முன்கூட்டியே அனுமதி வாங்கி மொத்தமாக அழைத்துப் போவார்கள். ஒரு எச்சரிக்கை: அந்தச் சரளையில் வைரமும் உண்டு. பட்டை தீட்டாத வைரத்தை உரிமம் இல்லாமல் கையில் வைத்திருப்பதே இங்கே குற்றம்.

கடையில் வாங்குவதானால் பளிச்சென்ற நீலமும் ரோஜா நிறமுமாக இருக்கும் அகேட் துண்டுகளை நம்பாதீர்கள். நான் ஒரு கடையில் நல்ல விலை கொடுத்து வாங்கினேன். சாயம் ஏற்றியது என்று பிறகுதான் தெரிந்தது.

டோங்காட் பேரன்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னதுபோல் விரலால் தடவிப் பார்த்தோம். கருப்பில் மூன்றில் புடைப்பு தெளிவாக இருக்கிறது, அலைவட்டமும் தெரிகிறது. இரண்டில் உடைந்த முகம் வேறு நிறம், கலப்பை உடைத்ததாகத்தான் இருக்கும். கழுவிய கல் நல்ல மூன்றில் ஒன்று. மகன் அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. அவன் தப்பில்லை, நான்தான் குழாயைத் திறந்தேன்.

ஐயா, இரண்டு சந்தேகம். தாத்தா எடுத்ததற்கு இப்போது ஆயாவுக்கு ஏதாவது சிக்கல் வருமா? ம்சாம்பாவுக்கு எந்த நேரம் போகவேண்டும்?

மாரிட்ஸ்பர்க் வாத்தியார்:

பையனிடம் சொல்லுங்கள், கழுவிய கல்லிலும் தட்டிய விதம் அப்படியே இருக்கிறது. அது எங்கும் போகவில்லை.

நீங்களாகக் கொண்டுபோய் விவரத்தோடு கொடுக்கும்போது யாரும் உங்களைத் திருடன் மாதிரி நடத்தமாட்டார்கள். நான் கொண்டுபோனபோது எனக்குத் தேநீர்தான் கொடுத்தார்கள். முதலில் போன் செய்து, என்ன இருக்கிறது என்று சொல்லி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஐந்து ராண்ட் நாணயம் வையுங்கள், அது 26 மில்லிமீட்டர், அளவு புரியும்.

ம்சாம்பாவுக்கு அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாளில் போங்கள். கடல் அதிகம் உள்வாங்குவது அப்போதுதான். நம் கரையில் அந்த நாட்களில் காலை பத்து மணியை ஒட்டி நீர் மிகக் கீழே இருக்கும். எட்டரைக்கே பாறையில் இறங்கி, நீரோடு கூடவே வெளியே நடந்து, திரும்ப ஆரம்பித்ததும் வந்துவிடுங்கள். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். வீட்டில் பஞ்சாங்கக் காலண்டர் இருக்கும்தானே, ஞாயிறும் அமாவாசையும் சேர்ந்து வரும் நாளைப் பையனையே தேடச் சொல்லுங்கள்.

டோங்காட் பேரன்:

நேற்று ஆயாவைக் காரில் அழைத்துப் போனோம். அவருக்கு எண்பத்தாறு வயது, இப்போதெல்லாம் நேற்று நடந்தது மறந்துவிடும். மில்லைத் தாண்டி உள்ரோட்டில் திரும்பியதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். தொழிலாளர் குடியிருப்பான பராக்ஸ் இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமில்லை, கரும்புதான். "இன்னும் போ, இன்னும் போ" என்று சொல்லி ஒரு உம்டோனி மரத்தடியில் நிறுத்தச் சொன்னார். நம்ம நாவல் ஜாதி மரம். தாத்தாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவந்து அங்கேதான் வைப்பாராம். ஆற்றைப் பார்த்த சரிவைக் காட்டி, "அந்த மேட்டில் மழை பெய்து மண் கரைஞ்சா கல்லு வெளியே வரும், உங்க தாத்தா அன்னிக்கு மட்டும் சீக்கிரமாவே வேலைக்குப் போயிடுவார்" என்றார்.

கரும்புக்குள் யாரும் இறங்கவில்லை. பாம்பு பயம் இருக்கிறது, நிலத்துக்காரரிடம் கேட்கவும் இல்லை. மகன் போனில் இடத்தைக் குறித்துக்கொண்டான். ஆயா சொன்னதை நோட்டில் வார்த்தை மாறாமல் எழுதி, சரிவையும் மரத்தையும் ஆற்றையும் படம் போட்டான். கீழே ஆயாவிடம் கையெழுத்து வாங்கினான். அவர் தமிழில் போட்டார். மியூசியத்தில் வியாழக்கிழமை பத்தரைக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள், நான் லீவு சொல்லிவிட்டேன்.

மாரிட்ஸ்பர்க் வாத்தியார்:

வியாழன் பத்து மணிக்கே வாசலில் நிற்பேன் தம்பி. ஆயாவையும் அழைத்து வாருங்கள்.